மூன்றாம் வகுப்பில் ஓவியமா, கோடிங்கா: ஒரு பெற்றோரின் கேள்விக்கு என் பதில்

உங்கள் மகள் மூன்றாம் வகுப்பு. ஓவியம், பாட்டு, கம்ப்யூட்டர் மூன்றில் ஒன்றை இந்த வருடத்துக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், வாரத்துக்கு இரண்டு பீரியட். கணக்கில் அவள் கொஞ்சம் பின்தங்கியிருப்பதால் கம்ப்யூட்டரில் கோடிங், அதாவது நிரல் எழுதுவது, எடுத்தால் மூளை கூர்மையாகும், கணக்கும் வரும் என்று உங்களிடம் பலர் சொல்கிறார்கள். அவளோ ஓவியம்தான் வேண்டும் என்கிறாள். இது போக, சில பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, வழக்கமான பாடத்தைத் தாண்டிக் கூடுதலாக நடத்தும் என்ரிச்மென்ட் வகுப்பில் அவள் பெயர் வரவில்லை, அதை நினைத்து உங்களுக்கு வருத்தம். நீங்கள் எழுதியது இவ்வளவுதான். ஆனால் உண்மையில் நீங்கள் கேட்பது வேறு என்று நினைக்கிறேன்: கணக்கில் தடுமாறும் பிள்ளை வாரத்தில் இவ்வளவு நேரம் படம் வரைந்துகொண்டிருந்தால் அது வீணா? அப்புறம், அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதது அவளைப் பற்றிய தீர்ப்பா? இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான்: இல்லவே இல்லை. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

தொடக்கப் பள்ளியில் பல வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தேன், இப்போது இந்த மாதிரி வகுப்புகளை எடுக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறேன். வேலையில் பெரும்பகுதி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பைப் பார்ப்பதுதான். அதனால் ஓவியத்தைப் பற்றி உறுதியாகப் பேசுவேன், கம்ப்யூட்டர் வகுப்பைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேசுவேன், இசையைப் பற்றிக் குறைவாகத்தான் பேசுவேன்.

முதலில் இந்த மூளை வளரும் கதை. இது பெரும்பாலும் இசையில் ஆரம்பித்தது. 1993இல் ஓர் ஆய்வு வந்தது: மொஸார்ட் இசையைப் பத்து நிமிடம் கேட்டவர்கள் இடம், வடிவம் சார்ந்த சில சோதனைகளில் சற்று நன்றாகச் செய்தார்கள் என்று. அதில் கலந்துகொண்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள், குழந்தைகள் இல்லை, அந்தப் பலனும் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. அதை வைத்துத்தான் கைக்குழந்தைக்குக்கூட இசைத்தட்டு விற்றார்கள். பிறகு 2004இல் கிளென் ஷெல்லன்பெர்க் என்ற உளவியலாளர் ஒழுங்கான சோதனை ஒன்று செய்தார். ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்குக் கீபோர்டு, ஒரு குழுவுக்கு வாய்ப்பாட்டு, ஒரு குழுவுக்கு நாடகம், ஒரு குழுவுக்கு ஒன்றுமில்லை என்று ஒரு வருடம் விட்டுப் பார்த்தார். நான்கு குழுவுக்குமே ஐக்யூ ஏறியது, ஏனென்றால் எல்லோரும் அந்த வருடம் பள்ளியில் சேர்ந்திருந்தார்கள். இசை படித்தவர்களுக்கு ஏறத்தாழ 7 புள்ளி, மற்றவர்களுக்கு 4 புள்ளி சொச்சம். வித்தியாசம் உண்டு, ஆனால் சின்னது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது நாடகக் குழுவைப் பற்றிய தகவல்: மற்றவர்களோடு பழகும் விதத்தில் முன்னேற்றம் தெரிந்தது அவர்களிடம்தான், இசைக் குழுவிடம் அது இல்லை. இதை ஏனோ யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

அதற்குப் பிறகு 2020இல் இசைப் பயிற்சி பற்றிய 54 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 7000 பிள்ளைகளின் முடிவுகளை, ஒன்றாகச் சேர்த்து அலசிய இரண்டு ஆய்வாளர்கள், சோதனை எவ்வளவு ஒழுங்காக நடந்ததோ அவ்வளவுக்குப் பலன் சுருங்கிக்கொண்டே போகிறது, மிக ஒழுங்கானவற்றில் ஏறக்குறைய பூஜ்யம் என்று எழுதினார்கள். அதே தரவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்த வேறு சிலர், இல்லை, சிறிய பலன் இருக்கத்தான் செய்கிறது என்றார்கள். ஆக, இது இன்னும் தீராத வழக்கு. தீர்ந்தது ஒன்று மட்டும்தான்: பெரிய பலன் இல்லை. கணக்கு வருவதற்காகப் பாட்டு கற்றுக்கொடுங்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கோடிங்குக்கும் ஏறக்குறைய இதே கதைதான். பிள்ளைகளுக்கென்றே உருவான லோகோ என்ற நிரல்மொழி 1967இல் வந்தது, சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோயர்ஸிக் ஆகியோரின் வேலை அது. அதைக் கற்ற பிள்ளைக்குத் திட்டமிடும் திறமையே பொதுவாக வளர்ந்துவிடும் என்று அப்போது பலர் நம்பினார்கள். 1984இல் ராய் பீ, மிடியன் கர்லாண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். ஒரு வருடம் லோகோ படித்த பிள்ளைகள், அன்றாட வேலைகளைத் திட்டமிடச் சொன்னபோது, படிக்காத பிள்ளைகளைவிட மேலாகச் செய்யவில்லை. அப்புறம் 2019இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் படம் கொஞ்சம் நல்லபடியாகத் தெரிந்தது: கோடிங்கோடு நெருங்கிய திறமைகளில் நல்ல முன்னேற்றம், விலகிப் போகப் போகக் குறைவு, படிப்பது எழுதுவது போன்றவற்றில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் வேறு ஏதாவது உருப்படியாகச் செய்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் சுருங்கியது. மொத்தமாக மூளை கூர்மையாகும் என்று சொல்ல இது போதாது.

ஆனால் கோடிங்கில் நேரடியாகக் கிடைக்கிற கணக்கு ஒன்று உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007இல் வெளியிட்ட, கட்டளைக் கட்டங்களை இழுத்து ஒட்டி நிரல் எழுதும் ஸ்கிராட்ச்சைத் திறந்தால், திரையில் ஒரு பூனை நிற்கும் மேடை இருக்கும். அதன் நடுப்புள்ளி பூஜ்யம், வலப்பக்கம் 240 வரை, இடப்பக்கம் மைனஸ் 240 வரை, மேலும் கீழும் 180. பூனையை இடது ஓரத்துக்குக் கொண்டுபோக நினைக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு மைனஸ் எண் அன்றைக்கே தேவைப்படுகிறது, புத்தகத்தில் அது வர இன்னும் சில வருடம் இருக்கும். அதே மாதிரி, ஒரு சதுரம் வரைய நான்கு முறை 90 டிகிரி திரும்பச் சொன்னால் போதும் என்று கண்டுபிடித்த பிள்ளை, முக்கோணத்துக்கு 60 என்று போட்டுப் பார்க்கும். மூன்று முறை திரும்பியும் கோடு மூடாது. இன்னும் மூன்று முறை ஓட்டினால் அறுகோணம் வந்து நிற்கும். ஏன் என்று தலையைச் சொறிந்து, 120 என்று கண்டுபிடிக்கும்போது அந்தப் பிள்ளைக்குத் திரும்பும் கோணத்துக்கும் உள்ளே இருக்கும் கோணத்துக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிடுகிறது. எப்போது? ஆசிரியர் 120 என்று முன்கூட்டியே சொல்லிவிடாமல் வாயைக் கட்டிக்கொண்டிருந்தால். சொல்லிவிட்டால் அந்தப் பாடமே போய்விட்டது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஓவியத்துக்கும் இதுதான் பொருந்தும்.

கணக்கில் பின்தங்கியிருப்பதற்குத் தீர்வு கணக்கில்தான் இருக்கிறது. காலில் முள் தைத்ததற்குக் கையில் மருந்து போட வேண்டாம். எங்கே தட்டுகிறது என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். இடமதிப்பா, கடன் வாங்கிக் கழிப்பதா, வாய்ப்பாடா, இல்லை கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்வதா? இந்த வயதில் பெரும்பாலும் ஏதோ ஒரு கண்ணிதான் விட்டுப்போயிருக்கும். தினமும் பத்து நிமிடம் அதையே பிடித்துச் செய்தால், எந்தக் கோடிங் வகுப்பையும்விட அது அதிகம் உதவும்.

சரி, ஓவியம். அவள் இருக்கும் வயது ஓவியத்தில் ஒரு திருப்பம். குழந்தைகளின் வரைதல் எப்படி மாறிக்கொண்டே போகிறது என்று 1947இல் கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் விவரித்த கட்டங்களில் ஏழிலிருந்து ஒன்பது வயது வரை ஒரு கட்டம்: மரம் என்றால் ஒரு குறி, வீடு என்றால் ஒரு குறி, எல்லாம் தாளின் அடியில் ஒரு தரைக்கோட்டில் வரிசையாக நிற்கும். ஒன்பதை ஒட்டி, பார்ப்பது போலவே வரைய வேண்டும் என்ற ஆசை வருகிறது. கண் முன்னேறிவிடும், கை இன்னும் வந்து சேர்ந்திருக்காது. எனக்கு வரைய வராது என்று பிள்ளைகள் சொல்ல ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். வயதுக் கணக்கு பிள்ளைக்குப் பிள்ளை, ஊருக்கு ஊர் முன்னே பின்னே இருக்கும், அதைக் கறாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மூன்றாம், நான்காம் வகுப்பில் நிறையப் பேர் பென்சிலைக் கீழே வைத்துவிடுவதை எல்லா ஓவிய ஆசிரியர்களும் பார்த்திருப்பார்கள். அந்த நேரத்தில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும், தூரத்தில் இருப்பது தாளில் மேலே போகும், முகத்தில் கண் நெற்றியில் இல்லை, தலையின் பாதி உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தால் பிள்ளை அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடும். உங்கள் மகள் இந்த வயதில் தானாக ஓவியம் வேண்டும் என்று கேட்பதை நான் மிகப் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன். இரண்டு வருடம் கழித்து அவளே கேட்க மாட்டாள் என்பதும் சாத்தியம்.

படிப்பு கெடுமா என்ற பயத்துக்கு: அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளில் குலுக்கல் போட்டு, பாதிப் பள்ளிகளுக்கு மட்டும் கலை வகுப்புகளையும் கலைஞர்களையும் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். 2019இல் முடிவு வந்தது: ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகும் பிள்ளைகள் 3.6 சதவீதப் புள்ளி குறைந்தார்கள், எழுத்துத் தேர்வில் சிறு முன்னேற்றம், மற்றவர்களின் நிலையை நினைத்துப் பார்க்கும் மனப்பாங்கில் சிறு முன்னேற்றம். கணக்கில் குறிப்பிடும்படி ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கலைக்கு நேரம் கொடுத்ததால் கணக்கு கெடவில்லை என்பதுதான் உங்களுக்கு இதில் தேவையான வரி. அங்கே இசை, நாடகம், நடனம் எல்லாம் கலந்து வந்தன, அதனால் ஒரே ஓர் ஓவிய வகுப்பு இதையெல்லாம் செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஓவியத்தைக் கணக்கின் பெயரால் நியாயப்படுத்துவதும் எனக்குப் பிடிக்காது. கணக்கை யாரும் படம் வரைய உதவும் என்று சொல்லி நடத்துவதில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆர்வமாக வரைகிறாளே என்று போட்டிகளில் சேர்த்துவிடும் பெற்றோர் நிறைய. 1973இல் உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினர் செய்த சோதனையில், விருப்பத்தோடு வரைந்துகொண்டிருந்த சின்னப் பிள்ளைகளில் சிலருக்கு, வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லிவிட்டு, அப்படியே தந்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களில் பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த பிள்ளைகளிடம் அந்தச் சரிவு இல்லை. பரிசே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. இந்த வருடம் போட்டி வேண்டாம் என்பது என் யோசனை.

இனி, தேர்வு செய்வதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டியது. பாடத்தின் பெயரைவிட அந்த அறையில் யார் முடிவெடுக்கிறார்கள் என்பது முக்கியம். ஓவிய அறையின் சுவரைப் பாருங்கள். முப்பது படமும் ஒரே மலை, ஒரே சூரியன், ஒரே தென்னை என்றால், அங்கே முடிவெடுத்தது ஆசிரியர் மட்டும்தான், பிள்ளைகள் நிறம் நிரப்பியிருக்கிறார்கள். முப்பதும் முப்பது விதமாக, சில அசிங்கமாகக்கூட இருந்தால் நல்ல அறிகுறி. ஒரே படத்தைத் திருத்தி இரண்டாம் முறை வரைந்த தாள்கள் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் திருத்துவதற்கு நேரம் ஒதுக்குகிற ஆசிரியர் அபூர்வம். அப்புறம் இரண்டு பீரியடும் அடுத்தடுத்து வருகிறதா, தனித்தனியாகவா என்று கேளுங்கள். பெயிண்ட், களிமண் வேலையில் எடுத்து வைக்கவும் கழுவி அடுக்கவும் கால் மணி நேரம் போய்விடும், தனி பீரியடில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால்தான் பல ஆசிரியர்கள் கிரேயான்ஸைத் தாண்டுவதே இல்லை. இந்த விஷயத்தில் பெற்றோர் நாலு பேர் சேர்ந்து கேட்டால் பள்ளிகள் நேர அட்டவணையை மாற்றிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பாட்டுக்கு நேர்மாறு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பாடுவதுதான் நல்லது என்று இசை ஆசிரியர்கள் சொல்வார்கள், அதற்கு மேல் அந்தப் பாடத்தைப் பற்றி நான் பேசுவது சரியாக இருக்காது.

கம்ப்யூட்டர் வகுப்புக்கும் அதே கேள்விதான். கோடிங் என்று பெயர்ப்பலகை இருக்கும், உள்ளே போனால் டைப்பிங் பயிற்சியும், வீடியோவில் காட்டுவதை அப்படியே இழுத்து ஒட்டுவதுமாக வருடம் ஓடியிருக்கும். முடிவில் எல்லார் திரையிலும் ஒரே விளையாட்டு. அது அந்த முப்பது தென்னை மரமேதான். நல்ல வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தாலும் போதும், ஒருத்தி மவுஸைப் பிடிக்க இன்னொருத்தி வழி சொல்ல, சில நிமிடத்துக்கொரு முறை மாறிக்கொள்வார்கள், ஏன் ஓடவில்லை என்ற சண்டை கேட்கும், அந்தச் சத்தம் நல்ல சத்தம். ரோபோ கிட் வைத்திருக்கும் பள்ளி என்றால் ஒரு பெட்டிக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். ஐந்தாறு பேர் என்றால் ஒருவன் பூட்டுவான், மற்றவர்கள் பார்ப்பார்கள், பெரும்பாலும் அந்தப் பார்ப்பவர்களில் பெண் பிள்ளைகள் அதிகம். கருவியே இல்லாமலும் இந்தப் பாடத்தை நடத்தலாம். நியூசிலாந்தில் டிம் பெல்லும் அவருடைய சகாக்களும் அட்டை, கயிறு, தரையில் வரைந்த கோடுகள் இவற்றை மட்டும் வைத்தே வரிசைப்படுத்துவது, 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் இருமை எண்கள் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளை உருவாக்கியிருக்கிறார்கள், நன்றாகவே நடக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளை ஓவிய பீரியடில்தான் தனி வகுப்புக்கு எழுப்பிக்கொண்டு போவார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் நடந்தது, அதை எதிர்த்து நிறையப் பேசியிருக்கிறேன். மற்ற எல்லா மணி நேரத்திலும் பின்னால் நிற்கிற பிள்ளை சமமாகவோ முன்னாலோ நிற்கிற ஒரே நேரத்தை எடுத்துவிட்டு, அதில் கணக்கைப் புகுத்தினால் இரண்டின் மேலும் வெறுப்புதான் வரும். உங்கள் மகளுக்கு அப்படி ஏதாவது ஏற்பாடு சொன்னால், வேறு நேரம் கேளுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

என்ரிச்மென்ட் வகுப்பு விஷயம். இந்தச் சிந்தனைக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ரென்சுல்லி. 1977இல் அவர் சொன்ன முறையில் மூன்று வகை வேலைகள் உண்டு: புது விஷயங்களை அறிமுகப்படுத்துவது, எப்படிச் சிந்திப்பது, எப்படித் தேடுவது என்ற திறமைகளைப் பழக்குவது, பிள்ளை தானே ஒரு உண்மையான கேள்வியை எடுத்துக்கொண்டு ஆழமாகப் போவது. இதில் முதல் இரண்டும் எல்லாப் பிள்ளைகளுக்குமானவை என்பது அவர் கருத்து. மூன்றாவதற்குப் போவதும் ஒரு தேர்வின் மார்க்கைப் பொறுத்தது இல்லை, ஆர்வத்தோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் போவதையும், புதிதாக யோசிப்பதையும் அவர் சேர்த்தே கணக்கில் எடுத்தார். நடைமுறையில் பல பள்ளிகள் ஒரு தேர்வு, ஒரு பட்டியல், அவ்வளவுதான் என்று முடித்துவிடுகின்றன. இல்லாவிட்டால் ஆசிரியர் கண்ணில் பட்ட பிள்ளைகள். இந்தக் கண்ணில் படுவதை நம்ப முடியாது என்பதற்கு வலுவான சான்று உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தில், ஆசிரியரும் பெற்றோரும் பரிந்துரைத்தவர்களை மட்டும் சோதிப்பதை விட்டுவிட்டு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் முதல்கட்டச் சோதனை வைத்தபோது, அதுவரை பட்டியலில் இடம்பெறாத ஏழைப் பிள்ளைகளும் சிறுபான்மைப் பிள்ளைகளும் கணிசமாக உள்ளே வந்தார்கள். அந்த ஆய்வு 2016இல் வெளியானது. பிள்ளைகள் அதேதான், பார்த்த முறை மட்டும் மாறியது. அமைதியான பிள்ளை, வகுப்பிலேயே வயதில் சின்ன பிள்ளை, வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை, கணக்கில் தடுமாறும் பிள்ளை, இவர்களெல்லாம் விட்டுப்போவதை நானே தொடர்ந்து பார்க்கிறேன். எட்டு வயதில் ஒரு பட்டியலில் பெயர் இல்லாததை அவளுடைய அறிவைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவள் முன்னால் அதைப் பற்றிப் பேசவும் வேண்டாம். பள்ளியிடம் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், மறுபடி எப்போது பார்ப்பீர்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே புதிர்த் தாள்களை நிரப்புவதுதான் நடக்கிறது என்றால் இழப்பு ஒன்றுமில்லை. நிஜமாகவே ஏதாவது ஆராய்ந்து செய்கிறார்கள் என்றால், எல்லாப் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பங்கு ஏன் இல்லை என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நான் உங்கள் மகளைப் பார்த்ததில்லை, அந்த வகுப்புகளையும் பார்த்ததில்லை. கத்தரிக்கோல் பிடிப்பது, பட்டன் போடுவது, எழுதுவது எல்லாவற்றிலும் அவளுக்குச் சிரமம் இருந்தாலோ, நீங்கள் உதவியும் கணக்கில் சின்ன எண்களே மாதக்கணக்கில் பிடிபடாமல் இருந்தாலோ, அதை மதிப்பிடுவது என் வேலை இல்லை, அதற்கென்று படித்தவர்களிடம் காட்டுங்கள். மற்றபடி என் பதில் ஓவியம். விண்ணப்பத்தில் எழுதுவதற்கு முன் ஒரு நாள் அந்த அறையைப் போய்ப் பார்த்துவிடுங்கள். முப்பது தென்னை மரங்கள் சுவரில் இருந்து, கம்ப்யூட்டர் ஆசிரியரோ பிள்ளைகளைத் தாங்களே செய்யவிடுகிறவராக இருந்தால், கம்ப்யூட்டரை எடுக்கச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை, ஆனால் ஏன் என்று அவளுக்குப் புரியும்படி சொல்லிவிட்டு, வீட்டில் தாளும் பென்சிலும் எடுக்கக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். படத்தைக் கொண்டுவந்து காட்டினால், சூப்பர் என்று முடித்துவிடாமல், இதில் எதை முதலில் வரைந்தாய், எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். ஸ்கிராட்ச் இலவசம், எட்டு வயதிலிருந்து பயன்படுத்தலாம், அது இன்னும் ஒரு வருடம் கழித்து ஆரம்பித்தாலும் எதுவும் கெட்டுப்போகாது.